16:64:32 கணக்கை முதல் கிழமையே தொடங்கலாமா? பிராணாயாமம், வாசி (மூச்சோட்டம்), "சக்தி ஏறுதல்" பற்றிய கேள்விகள்

கோணமலைத்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் இப்ப காலை மூச்சுப்பயிற்சி வகுப்புகள் கூடிக்கொண்டு வருது, சந்தோசம். ஆனால் சில இடங்களில் முதல் கிழமையே "திருமந்திரக் கணக்கு" என்று சொல்லி 16 இழு, 64 அடக்கு, 32 விடு என்று தொடங்கிவிடுகிறார்கள். வாறவைக்கு நெற்றிப்பொட்டில் இடி, தலைச்சுத்து, விரல் நுனியில் மின்சாரம் ஓடினமாதிரி விறைப்பு. கேட்டால் "சக்தி ஏறுது, பயப்படாதேங்கோ" என்பதுதான் பதில். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ: அந்தக் கணக்கு யாருக்கு? எந்த ஒழுங்கில் போகவேணும்? அந்த விறைப்பு உண்மையிலேயே குண்டலினியா (முதுகடியில் உறங்குவதாகச் சொல்கிற சக்தியா)?

மூலன்வழி:
தம்பி, கணக்கில் பிழையில்லை. அதை எந்தப் படியில் வைக்கிறது என்பதில்தான் பிழை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் "ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால், ஆறுதல் கும்பம் அறுபத்து நாலதில், ஊறுதல் முப்பத் திரண்டதி ரேசகம்" என்று தெளிவாகவே இருக்கு. இடநாசியால் 16 மாத்திரை (கால அளவு) பூரகம், அதாவது இழுப்பு; 64 கும்பகம், அதாவது அடக்கம்; 32 ரேசகம், அதாவது விடுப்பு. கூட்டிப்பாருங்கோ, 112 வரும். மாத்திரையை ஒரு செக்கன் என்று பிடித்தாலும் ஒரு மூச்சுக்கு இரண்டு நிமிடத்தில் எட்டுச் செக்கன்தான் குறைவு. நாளுக்கு 21,600 மூச்சு என்பது நூல்கள் சொல்கிற கணக்கு, அதாவது நிமிடத்துக்கு 15. அப்படியென்றால் 28 மூச்சு ஓடுகிற நேரத்தை ஒரே மூச்சில் கடக்கச் சொல்கிறோம். பயிற்சி இல்லாத நெஞ்சு அதற்கு எப்படி இணங்கும்?

அந்த எண்கள் கனிந்தவனுடைய மூச்சின் அளவு. தொடங்குகிறவனுக்குத் தேவை அதிலுள்ள விகிதம் மட்டும்தான்: ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு இரண்டு. அதையும் கடைசியில் எடுக்கலாம்.

ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் இருப்பு. சப்பாணி கொட்டி இருந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிற ஆட்களுக்கு முதுகு தானாகக் கூனும், வயிறு மடியும், உதரவிதானத்துக்கு இறங்க இடமிருக்காது. போர்வையை நாலாக மடித்து இருப்பெலும்புக்குக் கீழே மட்டும் வையுங்கோ, தொடைக்குக் கீழே போகக்கூடாது. முழங்கால் நிலத்தைத் தொட்டதும் முதுகு தானாக நிமிரும். அதுவும் முடியாவிட்டால் கதிரையில் முதுகைச் சாய்க்காமல், பாதம் இரண்டும் நிலத்தில் படியும்படி இருங்கோ. அதில் ஒரு குறைவும் இல்லை.

அடுத்தது வயிற்று மூச்சு. மல்லாந்து படுத்து அரைக்கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றைத் தொப்புளுக்கு மேலே வைத்து, இழுக்கும்போது அது உயர, விடும்போது தாழ, நெஞ்சு அசையாமல் பத்து நிமிடம். பலருக்கு இது தலைகீழாக நடக்கும், இழுக்கும்போது வயிறு உள்ளே போகும். அது திருந்தும்வரைக்கும் மூக்கில் கை வைக்க வேண்டாம்.

பிறகு நாடிசுத்தி, அதாவது இரண்டு நாசியாலும் மாறி மாறி மூச்சு விடுவது. சுட்டுவிரலும் நடுவிரலும் உள்ளே மடங்கியிருக்க, பெருவிரல் வலநாசிக்கு, மோதிரவிரல் இடநாசிக்கு. மூக்கெலும்பு முடிந்து மெத்தென்று இருக்கிற இடத்தில் மெல்லத் தொட்டால் போதும். கீழே நுனியில் அழுத்தினால் நடுத்தண்டு மற்றப் பக்கம் சாய்ந்து திறந்த துவாரமும் ஒடுங்கும், "மூச்சு வரேல்லை" என்பார்கள். இடது பக்கத்தால் 4 இழுத்து வலதால் 4 விடு, வலதால் 4 இழுத்து இடதால் 4 விடு. இது ஒரு சுற்று. இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு 4க்கு 8. அப்ப ஒரு சுற்று 24 செக்கன், பத்துச் சுற்று நாலே நிமிடம். கும்பகத்தின் பேச்சே இன்னும் எடுக்கவில்லை, கவனியுங்கோ.

உப்புவெளி அக்கா:
மூலன்வழி ஐயா ஒழுங்கைச் சொல்லிவிட்டார். விறைப்பைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகப் பயிற்சிகளில் தேவைக்கு மிஞ்சிக் காற்றை வெளியேற்றும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். இரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் சுண்ணச்சத்தின் சமநிலை மாறி உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் கூச்சம் வரும். இன்னும் தொடர்ந்தால் விரல்கள் உள்ளுக்கு மடங்கி, பெருவிரல் உள்ளங்கைக்குள் இழுபடும். இரண்டு கையிலும் ஒரேமாதிரி வரும், மூச்சைச் சாதாரணமாக விட்டால் சில நிமிடத்தில் போய்விடும். இப்படி வந்து இப்படிப் போனால் அது காற்றுக் கணக்குப் பிசகியதுதான். அதைக் குண்டலினி என்று சொல்லி இன்னும் வேகமாக ஊதச் சொல்வது பெரிய பிழை. நிற்பாட்டி, நிலத்தில் இருந்து, மூக்கால் மெதுவாக விட்டால் போதும். கடதாசிப் பையை மூக்கில் வைக்கிற பழக்கம் வேண்டாம். உண்மையில் இருதய வருத்தமோ தொய்வோ (ஆஸ்துமாவோ) இருக்கிறவருக்கு அது ஆபத்து.

ஒரு பக்கக் கை மட்டும் விறைத்தால், வாய் கோணினால், நெஞ்சு நொந்தால் அது பயிற்சியோடு சேர்ந்த விசயமே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு.

சரம்பார்ப்பவர்:
அக்கா சொன்னது சரி. ஆனால் எல்லா அனுபவத்தையும் கரியமிலவாயுவில் அடக்கிவிட வேண்டாம். மூச்சு நீண்டு, இடமும் வலமும் சமமாகி, நடுநாடி (சுழுமுனை) திறக்கும்போது வருகிற அமைதிக்கு வேறு குணம் இருக்கு. அதில் பரபரப்பு இராது. கை விறைக்காது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நுணுகும். முதுகடி மூலாதாரத்திலிருந்து புருவநடு ஆஞ்ஞை வரை ஆறு ஆதாரங்களைச் சொன்னவர்கள் அனுபவித்துத்தான் சொன்னார்கள்.

சரம், அதாவது எந்த நாசியால் மூச்சு ஓடுது என்று பார்க்கிற முறையையும் இங்கே பதிய விரும்புகிறேன். விடியக்காலமை எழும்பினதும், பாயில் இருந்தபடியே, சின்ன முகக்கண்ணாடி ஒன்றை மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து மெல்ல மூச்சை விடுங்கோ. இரண்டு ஆவிப் புள்ளி விழும். ஒன்று அகலமாக விழுந்து கடைசியாக மறையும், மற்றது சின்னனாக விழுந்து உடனே போய்விடும். அகலமான பக்கம் சரம் ஓடுது. திருமந்திரத்தின் வாரசரப் பாட்டில் வெள்ளி, திங்கள், புதன் இடம்; சனி, ஞாயிறு, செவ்வாய் வலம்; வியாழன் வளர்பிறையில் இடம், தேய்பிறையில் வலம். மாறி ஓடினால், திறக்க வேண்டிய நாசிக்கு எதிர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கோ. வலநாசி திறக்க இடப்பக்கம். ஐந்து பத்து நிமிடத்தில் மாறும். யோகதண்டத்தை (கை ஊன்றுகிற கவைத்தடியை) கக்கத்தில் வைத்து இருப்பதும் இதற்குத்தான்.

உப்புவெளி அக்கா:
எல்லா அனுபவமும் கரியமிலவாயு என்று நான் சொல்லேல்லை, விரல் மடங்குவதைச் சொன்னேன். படுக்கிற உபாயம் சரிதான். கீழ்ப்பக்க மூக்கின் உட்தசை இரத்தம் தேங்கிப் புடைக்கும், மேல்பக்கம் வற்றித் திறக்கும். மூக்குத் தானாகவும் சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கு. எனக்குள்ள ஒரே கவலை: செவ்வாய்க்கிழமை இடநாசி ஓடிவிட்டது, இன்றைக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகுது என்று பயப்படுகிற அளவுக்குப் போகக்கூடாது. நாட்கணக்காக ஒரே பக்கம் அடைத்திருந்தால் நடுத்தண்டு வளைவோ தசைவளர்ச்சியோ இருக்கலாம். அதைத் தண்டத்தால் திறக்க ஏலாது, காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டவேணும்.

சரம்பார்ப்பவர்:
பயத்துக்காகப் பார்ப்பவர்கள் பார்க்காமல் விடுவதே நல்லது. அதில் உங்களோடு நிற்கிறேன்.

வாடைக்காற்று:
இடத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்று, கடற்காற்று முகத்தில் அடிக்க அடிக்கப் பஸ்திரிகா செய்கிறவர்களைக் காணலாம். சம்பந்தர் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்று பாடின கோணமாமலை. கும்பிடவும் தியானத்துக்கும் அதைவிட என்ன வேணும்? ஆனால் பிராணாயாமத்துக்குக் காற்று அடிக்காத இடம்தான் விதி. ஓடுகிற காற்று மூக்கின் ஈரத்தை வற்றச்செய்யும். எவ்வளவு இழுத்தோம் என்ற உணர்வும் கெடும். பாறை விளிம்பில் தலைச்சுத்து வந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. மலையில் கும்பிட்டுவிட்டு வந்து வீட்டில் ஒரு அறையில், மின்விசிறியை நிற்பாட்டி, யன்னலைத் திறந்து இருங்கோ.

பருவத்தையும் பார்க்கவேணும். வைகாசி தொடக்கம் ஆவணி மட்டும் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலத்தில் நடுப்பகலில் சூரியபேதனமும் (வலநாசியால் இழுத்து இடநாசியால் விடுவது) பஸ்திரிகாவும் வேண்டாம். உடம்பு ஏற்கெனவே கொதிக்குது. அந்தக் காலத்துக்குச் சீதளி: நாக்கைக் குழலாக மடித்து வெளியே நீட்டி அதற்குள்ளால் இழுத்து, வாயை மூடி, மூக்கால் விடுவது. நாக்கு மடியாதவர்கள் பற்களைச் சேர்த்து இடைவெளியால் இழுக்கிற சீத்காரி செய்யலாம், பல் கூசுகிறவர்களுக்குச் சரிவராது. புழுதி பறக்கிற நேரத்தில் இரண்டுமே கூடாது, வாயால் வருகிற காற்றுக்கு மூக்கின் வடிகட்டல் இல்லை. வாடை தொடங்கி மழை பிடித்தபிறகு, சளிக்காலத்தில், கபாலபாதியும் பஸ்திரிகாவும் பொருந்தும்.

கோணமலைத்தம்பி:
கபாலபாதிக்கும் பஸ்திரிகாவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டுகிறார்கள்.

மூலன்வழி:
கபாலபாதியில் விடுவது மட்டும்தான் நம்முடைய செயல். அடிவயிறு சுண்டி உள்ளே போகும், காற்று வெளியே போகும், இழுப்பு தானாக நடக்கும். பஸ்திரிகாவில் இழுப்பும் விடுப்பும் இரண்டும் சம வலுவோடு. கபாலபாதி சுத்திக்கிரியைகள் ஆறில் ஒன்று, பஸ்திரிகா கும்பகங்கள் எட்டில் ஒன்று. தொடங்குகிறவர் கபாலபாதி செக்கனுக்கு ஒன்றாக 20, பிறகு ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று தரம். தோள் குலுங்கினால், முகம் சுருங்கினால், வயிற்றுக்குப் பதிலாக நெஞ்சு துள்ளினால் வேகத்தைக் குறையுங்கோ. சோறு சாப்பிட்டு நாலு மணித்தியாலம் போகவேணும். வெறுந் தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் காணும்.

இனிக் கும்பகம். 4க்கு 8 ஒரு மூன்று மாதம் சிரமமில்லாமல் ஓடினபிறகு 4:4:8. பிறகு 4:8:8. பிறகு 4:16:8. இதுதான் திருமூலரின் விகிதம், காற்பங்கு அளவில். இது ஒரு மூச்சுக்கு 28 செக்கன். இங்கே நிற்கிறவர்கள் நிறையப் பேர், நின்றாலும் குறைவில்லை. அதற்கு மேலே 5:20:10, 6:24:12 என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொரு படிக்கும் மாதங்கள். இதற்கு மேல் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆசான் வேணும், எழுத்தில் சொல்லித்தர முடியாது.

எப்ப அடுத்த படி? ரேசகத்தைக் கேளுங்கோ. வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதி முதல் பகுதியைப்போலவே மெல்லியதாக ஓடவேணும். ஒரு பஞ்சு இழையை மூக்குக்கு நாலு விரற்கடை கீழே தொங்கவிட்டுப் பாருங்கோ. தொடக்கத்தில் படபடத்துக் கடைசியில் அசையாமல் நின்றால் காற்றைத் தொடக்கத்திலேயே கொட்டிவிட்டீர்கள். எட்டு எண்ணும் மட்டும் ஒரே அளவாக ஆடினால் சரி. அடுத்த பூரகத்தை அள்ளி இழுக்கவேண்டி வந்தால் கும்பகம் கூடிப்போச்சு. அந்த நேரமே முந்தின படிக்குத் திரும்பவேணும், அடுத்த நாள் பார்ப்போம் என்று விடக்கூடாது. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோலக் காற்றை மெல்ல மெல்லத்தான் பழக்கவேணும், மாறிச் செய்தால் அது செய்கிறவனையே கொல்லும் என்று ஹடயோகப் பிரதீபிகை எச்சரிக்குது. எல்லா வகுப்பு வாசலிலும் அதை எழுதிவைக்கலாம் என்பது என் எண்ணம்.

தம்பலகாமத்தான்:
பந்தங்கள் (உடம்பின் பூட்டுகள்) இல்லாமல் கும்பகம் பிடிப்பதுதான் நெற்றிப்பொட்டு இடிக்கு ஒரு காரணம். சாலந்தரம் (கழுத்துப் பூட்டு) போடாமல் நெஞ்சை நிரப்பி அடக்கினால் அழுத்தம் நேரே தலைக்குப் போகிறமாதிரி இருக்கும், கண் சிவக்கும், காது அடைக்கும்.

செய்முறை: இழுத்து முடிந்ததும் எச்சிலை ஒருக்கால் விழுங்குங்கோ, தொண்டை மூடும். நெஞ்சை உயர்த்தி, நாடியை (மோவாயை) கழுத்தெலும்புக் குழியை நோக்கித் தாழ்த்துங்கோ. நெஞ்சு நாடியைச் சந்திக்க ஏறவேணும். நெஞ்சு அப்படியே கிடக்க நாடியை மட்டும் அமத்தினால் பிடரி இழுபட்டு நோ வரும். மூலபந்தத்துக்கு (குதப்பக்கத்தை இறுக்கும் பூட்டு) மெல்லிய இறுக்கம் போதும், தொடக்கத்தில் குதம், தொடை, பிட்டம் எல்லாம் சேர்ந்து இறுகும். நாளடைவில்தான் பிரியும். விடும்போது முதலில் தலையை நிமிர்த்தி, ஒரு துளி காற்றை உள்ளே இழுத்து, தொண்டை திறந்தபிறகு விடுங்கோ. நேரே விட்டால் "பக்" என்று வெடித்து வெளியே வரும், ரேசகம் முழுக்கக் கெட்டுப்போகும். உட்டியாணம் (வயிற்றை உள்ளே எக்கும் பூட்டு) காற்றை விடுகிற நேரத்துக்குரியது. தனியாகப் பழகும்போது காற்று முழுக்க வெளியேறின பிறகுதான், வெறுவயிற்றில் மட்டும்.

உப்புவெளி அக்கா:
இதோடு சேர்த்து வாசிக்கவேண்டியது: பிறஷர், இருதய வருத்தம், கண்ணழுத்தம், வலிப்பு, குடலிறக்கம், கிட்டடியில் செய்த வயிற்றுச் சத்திரசிகிச்சை, கர்ப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கும்பகம், கபாலபாதி, பஸ்திரிகா மூன்றும் இல்லை. அவர்களுக்கு 4 இழுத்து 6 விடுவது இருக்கு. பத்துச் செக்கனுக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. இருதயத் துடிப்பும் நரம்பும் அமைதிப்படுகிற வேகம் ஏறத்தாழ அதுதான். தொய்வு உள்ளவர்கள் விடும் மூச்சை மட்டும் நீட்டலாம், பம்பை (இன்ஹேலரை) நிற்பாட்டக்கூடாது. பிறஷர் குளிசையும் அப்படித்தான், குறைப்பது கிளினிக்கில் வைத்தியர் முடிவு.

கிழமைக் கணக்காக நித்திரை வராமல், மனம் பறந்துகொண்டு, உடம்பு சூடேறி, பேச்சுக் கூடினால் அதைச் "சக்தி" என்று கொண்டாட வேண்டாம். கும்பகத்தையும் வேக மூச்சையும் முழுக்க விட்டு, நேரத்துக்குச் சோறு சாப்பிட்டு, நடந்து, நித்திரையைத் திருத்தவேணும். சில நாளில் இறங்காவிட்டால் மனநல வைத்தியரிடம் போவதில் வெட்கமே இல்லை.

நிலாவெளி வாசகி:
தடிமன் பிடித்தால் நேதி, அதாவது உப்புத்தண்ணியால் மூக்குக் கழுவச் சொல்கிறார்கள். எங்கட பக்கக் கிணத்துத் தண்ணி உப்புத்தானே, அப்படியே பாவிக்கலாமா?

வாடைக்காற்று:
கூடவே கூடாது, தங்கச்சி. கிணத்து உப்பின் அளவு உங்களுக்குத் தெரியாது. காய்ச்சாத தண்ணியில் மூக்குவழியாக மூளைக்குப் போகிற அமீபா இருக்கலாம். அரிது, ஆனால் வந்தால் தப்புவது கடினம். குழாய்த் தண்ணியோ போத்தல் தண்ணியோ, கொதிக்கவைத்து ஆறவிட்டு, கை பொறுக்கிற இளஞ்சூட்டில் எடுங்கோ. அரை லீற்றருக்கு நாலரைக் கிராம் உப்பு, தட்டையாக வழித்த தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் குறைய. உப்புக் குறைந்தால் குளத்தில் மூக்கால் தண்ணி ஏறினமாதிரி எரியும். கூடினாலும் எரியும், சளிச்சவ்வு வற்றும். தலையைச் சரித்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல் துவாரத்தால் ஊற்றினால் கீழ்த் துவாரத்தால் வரும். முழுதாக அடைத்திருக்கும்போது ஊற்றவேண்டாம், போக வழியில்லாத தண்ணி காதுக்குப் போகும்.

முடிந்தபிறகு குனிந்து, இரண்டு துவாரமும் திறந்தபடி மெல்ல ஊதி வடியவிடுங்கோ. ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு பலமாகச் சீறினாலும் தண்ணி காதுக்குள்தான் போகும், பிறகு காதுக்குத்து. நேதி முடித்த கையோடு கும்பகம் வேண்டாம்.

தம்பலகாமத்தான்:
நேரத்தைப் பற்றியும் ஒரு வரி. அந்தியில் செய்தால் ஐ, அதாவது கபம் அறும், மத்தியானத்தில் வாதம், காலையில் பித்தம் என்று திருமந்திரத்திலேயே இருக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையும் அந்தியும் காணும். காலை என்றால் விடிய நாலரைக்கும் ஆறுக்கும் இடையில்.

நிலாவெளி வாசகி:
நன்றி அண்ணா. இன்னொன்று. இந்த வகுப்புகளுக்குப் பத்து வயதுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகினம். அவைக்கும் இதே கணக்கா?

மூலன்வழி:
பிள்ளைகளுக்குக் கும்பகம் இல்லை, பந்தம் இல்லை, பஸ்திரிகா இல்லை. எண்ணிக்கையும் வேண்டாம். இரண்டே இரண்டு கொடுங்கோ. ஒன்று, அரிசிப் பொட்டலத்துக்குப் பதிலாக அவர்களுடைய கொப்பியை வயிற்றில் வைத்துப் படுத்து மூச்சு விடுவது. மற்றது பிராமரி: உதடு மூடி, பற்கள் தொடாமல், இழுத்த மூச்சு முடியும்மட்டும் வண்டுபோல் ரீங்காரம். காதைப் பொத்துவதென்றால் காதுத்துளைக்கு முன்னால் இருக்கிற சின்ன மடலைப் பெருவிரலால் மெல்ல அமத்தவேணும், துளைக்குள் விரல் போகக்கூடாது. காதில் சீழ் வடிகிற பிள்ளைக்குக் காதைத் தொடவே வேண்டாம், ரீங்காரம் மட்டும். ஐந்து தரம், அதற்குமேல் பிள்ளை கேட்டால் செய்யட்டும், கேட்காவிட்டால் விளையாட விடுங்கோ.